கேடயம் கொடுத்தது போதும்

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் நம் ஊர்களில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிவாசல் முன்றிலில் பந்தல் எழுகிறது. ஒலிபெருக்கி கட்டப்படுகிறது. மீலாது விழாக் குழுவின் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கி, "கவிதைப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். விழா நிறைவுறும் இரவில் முப்பது நாற்பது சிறுவர் சிறுமியர் மேடையேறிக் கேடயம் பெற்று, ஒளிப்படத்திற்கு நின்று இறங்குகின்றனர். மறுநாள் காலையில் துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் வாப்பாமார்களின் கைபேசிகளில் அந்தப் படங்கள் மின்னுகின்றன. மாஷா அல்லாஹ், மகிழ்ச்சியான காட்சிதான்.

அதற்கு அடுத்த நாள் என்ன நடக்கிறது? ஐந்தாண்டுகள் கழிந்தபின் என்ன நடக்கிறது? இதைக் கேட்பார் இல்லை. கேட்டால் விழாவின் மங்கலம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம் போலும்!

இருபதாண்டுகளுக்கு மேலாக இத்தகைய போட்டிகளுக்கு நடுவராகச் சென்று வருபவர்கள் நாம். பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நம் வழக்கம். அண்மையில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டி, அவர்களுள் இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கையின் விரல்கள் மிஞ்சிவிட்டன. மற்றவர்கள் மருத்துவராயினர், பொறியாளராயினர், வணிகராயினர், வளைகுடா சென்றனர், நல்ல இல்லத்தரசியராயினர். அவற்றில் ஒன்றும் குறையில்லை. ஆயினும், எழுதப் பிறந்தவர் என்று நாமே மேடையேற்றிப் பறைசாற்றிய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லையெனில், ஒன்று நம் தேர்வு பொய்; அல்லது தேர்வுக்குப் பின் நாம் காட்டிய பராமுகம் பெரும்பிழை. இரண்டும் உண்மை என்பதே நம் துணிபு.

போட்டியே கூடாது என்று வாதிடுவதாக எவரும் எண்ணவேண்டாம். கவிதைப் போட்டி நமக்கு அந்நியமான சரக்கன்று. அறியாமைக் காலத்து அரபு நாட்டில், தாயிபுக்கு அருகே உக்காழ் என்னுமிடத்தில் துல்கஅதா மாதத்தில் கூடிய சந்தை பேரீச்சம்பழத்திற்கும் தோலுக்கும் மட்டும் பெயர் பெற்றதன்று; கவிதைக்கும் பெயர் பெற்றது. அங்கே நாபிகா அத்துப்யானீ என்னும் மூத்த கவிஞருக்குச் செந்நிறத் தோல் கூடாரம் ஒன்று அமைத்துக் கொடுப்பார்களாம். இளையோரும் முதியோரும் அவர் முன் நின்று தம் பாடல்களைப் பாடுவர், அவர் தீர்ப்புரைப்பார். பின்னாளில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கவிஞர் என்று போற்றப்பெற்ற ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களும் இஸ்லாத்தைத் தழுவுமுன் அக்கூடாரத்தில் பாடியவரே. கன்ஸா என்னும் பெண் கவிஞரும் அங்கே பாடினார். நாபிகா கன்ஸாவை வியந்து பாராட்டியபோது ஹஸ்ஸான் சினந்து, "உம்மைவிடவும் அவரைவிடவும் நான் சிறந்த கவிஞன்" என்ற கருத்துப்பட முழங்கினார் என்று அரபு இலக்கிய வரலாறு கூறுகிறது.

நாபிகா என்ன செய்தார்? "போய் வா, தம்பி" என்று ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பினாரா? இல்லை. ஹஸ்ஸானின் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்தார். அரபு மொழியில் சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மையும் பெருந்தொகையைக் குறிக்கும் பன்மையும் வெவ்வேறு. தம் குலத்தாரின் விருந்துக் கலங்களையும் வாள்களையும் பெருமையாகச் சொல்ல வந்த ஹஸ்ஸான், சில கலங்கள், சில வாள்கள் என்னும் பொருள் தரும் பன்மையைக் கையாண்டுவிட்டார். அதைச் சுட்டிக்காட்டிய நாபிகா, முன்னோரைச் சொல்லிப் பெருமை கொள்ளாமல் பெற்ற மக்களைச் சொல்லிப் பெருமை கொண்டாயே என்றும் கேட்டார். ஒரு பாட்டில் இத்தனை பிழை உண்டு, இன்ன காரணத்தால் உண்டு என்று கூடியிருந்தோர் கேட்க எடுத்துரைத்தார். இந்நிகழ்ச்சியைப் பிற்கால இலக்கண ஆசிரியர்களில் சிலர் ஐயுற்றதுண்டு. அது கிடக்கட்டும். தோற்றவனுக்குக் காரணம் சொல்லவேண்டியது நடுவரின் கடமை என்று ஒரு பாலைவனச் சமுதாயம் கருதியிருந்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய செய்தி.

நம் மேடைகளில் நடுவர் காரணம் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நாம் கேட்டதில்லை. சொன்னதும் இல்லை, அந்தப் பழி நம்மையும் சாரும். மதிப்பெண்ணைக் கூட்டிப்போட்டு, உறையில் வைத்து ஒட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு பிரியாணிக்கு எழுந்துவிடுகிறோம். வென்ற பிள்ளைக்குத் தான் ஏன் வென்றோம் என்பது தெரியாது. தோற்ற பிள்ளைக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது தெரியாது. அவர்கள் எழுதிய தாள்களோ மறுநாள் பந்தற்காரர் கூட்டிப் பெருக்கும் குப்பையோடு போய்ச் சேருகின்றன.

எட்டயபுரத்தையும் சற்றே நினைவுகூர்வோம். கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கராயிருந்த உமறு என்னும் இளைஞர், வடபுலத்திலிருந்து வந்து அரசவையில் அறைகூவிய வாலைவாரிதியைத் தம் பதினாறாம் வயதில் வாதில் வென்றார் என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மாணவப் பருவத்தில் போட்டியால் புகழ்பெற்ற தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், உமறுப் புலவரையே முதலில் சொல்லவேண்டும். அதோடு கதை முடிந்திருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? எட்டயபுர அவை அவரைப் புலவராக அமர்த்திக்கொண்டது. வள்ளல் சீதக்காதி அழைத்து, பெருமானாரின் வாழ்வைக் காப்பியமாகப் பாடுக என்று பணித்தார். அரபு மூலச் செய்திகளைக் கேட்டுச் சென்றபோது மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை; பின்னர் இசைந்து, பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் செல்ல வழிகாட்டினார் என்பர். சீதக்காதி மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயர் துணைநின்றார். இத்தனை கைகள் மாறி மாறித் தாங்கியதனால் அன்றோ 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் நம் கைக்குக் கிட்டியது! வாலைவாரிதியை வென்ற நாளோடு உமறுவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, அவர் தந்தையாரோடு ஒளிப்படம் எடுத்து அனுப்பியிருந்தால், தமிழ் முஸ்லிம்களுக்குக் காப்பியம் என்று சொல்லிக்கொள்ள எது மிஞ்சியிருக்கும்?

மேடையேறும் கவிதைகள் யாருடையவை என்ற வினாவும் உண்டு. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும். தந்தை எழுதிய கவிதையை மகன் படிக்கிறான். தமிழாசிரியர் எழுதிய கட்டுரையை மாணவி மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாள். இன்று அந்த உழைப்பும் மிச்சம். தலைப்பைக் கைபேசியிடம் சொன்னால் நொடிப்பொழுதில் எதுகை மோனையோடு எழுதித் தந்துவிடுகிறது. வாய்மையை வாழ்வின் தலையாய நெறியாகப் போதிக்க எடுக்கும் விழாவில், அந்த வாய்மையைப் பற்றியே பிறர் எழுதிய கவிதையைத் தன் பெயரால் படித்துப் பரிசு பெறக் கற்றுக்கொடுக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தீங்கு வேறென்ன செய்ய முடியும்? 'குழந்தைதானே, ஓர் ஊக்கத்துக்காக' என்று சிலர் சமாதானம் சொல்கின்றனர். தன்னால் ஆகாது, பிறர் செய்து தந்தால்தான் ஆகும் என்ற எண்ணத்தை அப்பிள்ளையின் நெஞ்சில் ஆழ ஊன்றிவிட்டு அதற்கு ஊக்கம் என்று பெயர் வைப்பது எந்த நியாயம்?

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்திவரும் போட்டிகளைப் பாருங்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் கவிதை, கட்டுரை, பேச்சு என்று தனித்தனியே போட்டி. முதற்பரிசு ரூ.10,000, அடுத்தது ரூ.7,000, மூன்றாவது ரூ.5,000. தலைப்பை அன்றைக்கு அந்த அரங்கில்தான் சொல்வார்கள். பிள்ளை தன் கையால் அங்கேயே அமர்ந்து எழுத வேண்டும். நம் குழுக்களோ ஒரு மாதம் முன்பே தலைப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகின்றன. யார் எழுதினார் என்று அறிய வழியேது? சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவதானம் செய்தபோது, அவையோர் பலரும் பல திசையிலிருந்தும் வினாக்களைத் தொடுத்தனர். அத்தனைக்கும் அங்கேயே விடையிறுத்து வென்றார். அத்தகைய நினைவாற்றலை நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கவில்லை. படித்த கவிதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம். "இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தாய், தம்பி?" அது போதும்.

இனி, நெடுநாளாய் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரில் நாம் மூவர் நடுவராயிருந்தோம். தலைப்பு 'அண்ணலாரின் எளிமை'. வந்தவை நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகள். பெரும்பாலானவை 'வானம் வியந்தது, வையம் மகிழ்ந்தது' என்னும் போக்கிலேயே நடந்தன. ஒரு பதினோராம் வகுப்பு மாணவியின் தாள் மட்டும் வேறாயிருந்தது. அவள் தன் வாப்பும்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, பட்டுபோல் பாய் நெய்கிறாள் அந்தக் கிழவி. அந்தப் பாய் கல்யாண வீடுகளுக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது. அவள் படுப்பதோ ஓரம் பிய்ந்த பழம்பாயில். காலையில் எழும்போது அவள் விலாவில் பாயின் வரிகள் பதிந்திருக்கின்றன. அதைப் பார்த்த பேத்திக்கு, ஈச்சம்பாயின் தழும்பு பதிந்த பெருமானாரின் திருமேனியும், அதைக் கண்டு கண்ணீர் உகுத்த உமர் (ரலி) அவர்களும் நினைவுக்கு வருகின்றனர். அவ்வளவுதான் கவிதை. எதுகை இல்லை. இரண்டு மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. படித்து முடித்ததும் நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

உடனிருந்த நடுவர்கள் ஒப்பவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்றார் ஒருவர். பெருமானாரின் பெயரைப் பாதிக்கு மேல் போன பிறகே சொல்கிறாள். இது முறையன்று என்றார் மற்றவர். முதற்பரிசு அடைமொழிகளால் நெய்த வேறொரு கவிதைக்குப் போயிற்று. அதே கவிதை, ஒரு வரியும் மாறாமல், அவ்வாண்டில் பக்கத்து ஊர் இரண்டிலும் வேறு பிள்ளைகளின் பெயரால் படிக்கப்பட்டது என்பது பின்னர் நமக்குத் தெரியவந்தது! பாய்க் கவிதை எழுதிய பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. மூன்றாவது நடுவராக நாமும் அந்த முடிவில் கையெழுத்திட்டோம். விழா நேரத்தில் சச்சரவு வேண்டாமே என்ற கோழைத்தனத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு அவ்வூருக்குச் சென்றபோது அந்த மாணவியைப் பற்றி விசாரித்தோம். அவள் தந்தையாரே வந்து ஸலாம் சொல்லிக் கையைப் பற்றிக்கொண்டார். மிகுந்த மரியாதையோடு, "அவளுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சாச்சுங்க. இனிமே கவிதை கிவிதையெல்லாம் எதுக்குங்க?" என்றார். நல்ல மனிதர், மகள்மீது உயிரை வைத்திருப்பவர். அவரை வைய நமக்கு வாய் வரவில்லை. சென்ற ஆண்டுப் பரிசுப் பட்டியலை ஊரார் துண்டறிக்கையாக அச்சிட்டிருந்ததைப் பார்த்தோம். பையன்களுக்குப் பெயர் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு 'இன்னாரின் மகள்' என்று மட்டும் இருந்தது.

இதைக் கூறும்போது துவரங்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. திருச்சி மாவட்டத்துச் சிற்றூர். அங்கே 1968ஆம் ஆண்டில் ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. இருவரும் நம் சமுதாயத்தவர். இருவரும் பின்னாளில் தமிழறிந்த கவிஞர்களானவர்கள். ஆண்பிள்ளை மனுஷ்யபுத்திரன். அவருடைய முதற்கவிதைத் தொகுதி 1983இல், பதினைந்து பதினாறு வயதிலேயே வெளிவந்துவிட்டது. பெண்பிள்ளை சல்மா. வயது வந்ததும் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டது, வீட்டுக்குள் இருந்தே படித்தார், மறைவாக எழுதினார், புனைபெயரில் அனுப்பினார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்னும் அவருடைய முதல் தொகுதி வெளிவந்த ஆண்டு 2000. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே மொழி. இடையே பதினேழு ஆண்டுகள்! அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பறித்தவர் யார்? அந்நியர் எவரும் அல்லர். சல்மாவின் எழுத்திலுள்ள எல்லாக் கருத்துக்களும் நமக்கு உடன்பாடா என்பது வேறு வழக்கு. அதைத் தனியே வாதாடிக்கொள்ளலாம். எழுதும் கைக்கு எழுத இடம் கொடுத்தோமா என்பதே இங்கு வழக்கு.

'பெண்கள் எழுதுவது நம் மரபில் இல்லை' என்று பேசும் பெரியவர்களுக்கு நாகூரைக் காட்டுகிறோம். 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவர் அல்லர். 1938ஆம் ஆண்டில் அவருடைய 'காதலா கடமையா' என்னும் நாவல் அச்சேறியது. அதற்கு மதிப்புரை நல்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்! ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாகூரில் ஒரு பெண்ணின் பெயர் நூலின் முகப்பில் அச்சாகலாம். இன்று நம் ஊர்த் துண்டறிக்கையில் அச்சாகக் கூடாதா? கன்ஸா (ரலி) அவர்களின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகளாக உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதை மறைத்து 'இன்னாரின் மகள்' என்று எழுதவேண்டும் என்று எந்த இமாம் சொன்னார்?

கவிதையே மார்க்கத்துக்கு ஆகாது என்று ஒரு சாரார் இன்னும் முணுமுணுக்கின்றனர். அவர்களுக்கு விடை சொல்லப் பக்கங்கள் வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்தின் பெயரே 'கவிஞர்கள்'. அதன் இறுதியில் வழிதவறிய கவிஞரைக் கண்டித்த இறைவன், அடுத்த மூச்சிலேயே நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கு விலக்கும் அளித்துவிட்டான். ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் நின்று பாடப் பெருமானார் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தார்கள். தம்மை இகழ்ந்து பாடித் திரிந்து, பின் மனந்திருந்தி வந்து நின்ற கஅப் இப்னு ஸுஹைருக்குத் தம் மேலாடையையே அளித்தார்கள். அந்த ஆடையைப் பற்றிப் பேசாத மீலாது மேடை உண்டா? பேசிவிட்டு, எழுதும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன? நெகிழியில் வார்த்துப் பொன்முலாம் பூசிய கோப்பை. இரண்டு மழைக்காலம் போனால் முலாமும் உரிந்துவிடும்.

பெற்றோர் தரப்பையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். "கவிதை சோறு போடுமா?" என்கின்றனர். போடாது என்று ஒப்புக்கொள்கிறோம். கவிதையை நம்பி வேலையை விடு என்று எந்தப் பிள்ளைக்கும் நாம் சொன்னதில்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதான் 'பால்வீதி'யை 1974இல் தந்தார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் சென்னைப் புதுக்கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டேதான் எழுதினார். தோப்பில் முஹம்மது மீரான் வணிகம் செய்துகொண்டேதான் 'சாய்வு நாற்காலி'யை எழுதி 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தேர்வு வருகிறது, படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சமும் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை கைபேசியில் செலவிடும் பொழுதைக் கணக்கிட்டுவிட்டு, அதன்பின் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எழுதுவதைப் பற்றி அஞ்சுங்கள்.

பெற்றோரிடம் நமக்கு உள்ள வழக்கு வேறு. கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் வீட்டில் அந்த அலமாரியில் ஒரு புத்தகமாவது இருக்கிறதா? பல வீடுகளுக்குச் சென்றிருக்கிறோம். பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன. ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த அத்தர் புட்டிகள் இருக்கின்றன. நடுவில் மகனின் கேடயம் நிற்கிறது. வாசிக்க ஒன்றுமில்லை. கிணற்றில் ஊற்றில்லாமல் வாளியை மட்டும் மெருகேற்றி என்ன பயன்? பிறர் எழுதியதைப் படிக்காத பிள்ளை எதை எழுதும்? போன ஆண்டு மேடையில் கேட்டதையே திருப்பி எழுதும். அதனால்தான் நாற்பது கவிதையும் ஒரே கவிதையாயிருக்கிறது.

இவ்வளவு குறை சொன்னோமே, வேறு எங்கேனும் வழி தெரிகிறதா என்று கேட்பீர்கள். தெரிகிறது. சாகித்திய அகாதெமி 2011ஆம் ஆண்டு முதல் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்க்கு ரூ.50,000 மதிப்புள்ள யுவ புரஸ்கார் விருதை வழங்கி வருகிறது. அவ்விருதை ஒரு மாலைப் பொழுதில் மேடையேறிப் படித்ததற்காகக் கொடுப்பதில்லை; அச்சேறிய நூலுக்குக் கொடுக்கிறார்கள். தமிழகத்து அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பிள்ளை படிப்படியாக ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் வேறு நடுவர். நம் போட்டிகளுக்கு இரண்டாம் படி என்பதே கிடையாது. கவிதையில் ஒரு சொல்லைத் திருத்தி மறுமுறை கொண்டுவா என்று சொல்ல ஆளில்லை.

நாம் கேட்பது பெரிய செலவுமில்லை. வென்ற படைப்புகள் அச்சாக வேண்டும். பதினாறு பக்கச் சிறு மலர் போதும். அட்டைக்கு வண்ணம் வேண்டாம். தலைவர் முதல் பொருளாளர் வரை ஒளிப்படம் போட்டு வாழ்த்துரையால் பக்கங்களை நிரப்பவும் வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, படைப்பு. பெண்பிள்ளையின் பெயரும் பெயராகவே அச்சாக வேண்டும். தோற்ற தாள்களைக் குறிப்போடு திருப்பிக் கொடுக்க வேண்டும்; நாற்பது தாளுக்கு நாற்பது வரி எழுத இயலாதவர் நடுவர் நாற்காலியில் அமர வேண்டியதில்லை. இதை நமக்கும் சேர்த்தே சொல்கிறோம். பரிசைப் புத்தகமாகக் கொடுங்கள். ஜமாஅத் கட்டடங்களில் திருமணப் பாத்திரங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. புத்தகங்களுக்கு ஓர் அலமாரிக்கேனும் இடமிருக்காதா? நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளின் ஆண்டு மலர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அவற்றில் முதல்வரின் அறிக்கையும் விளையாட்டு விழாப் படங்களும் தின்றது போக மீந்த இடத்தில்தான் மாணவர் எழுத்து ஒண்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வாண்டும் ஓர் ஊர்க் குழுவிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. தலைப்பை அரங்கில்தான் அறிவிக்க வேண்டும், ஒவ்வொரு தாளிலும் குறிப்பு எழுதித் திருப்பித் தருவோம், வென்ற படைப்புகளை அச்சிட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை எழுதி அனுப்பினோம். பத்து நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் பேசினார். முதல் இரண்டும் பரவாயில்லை என்றார். மூன்றாவதற்குத்தான் நிதியில்லை; நாற்பது கேடயத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார். நாற்பதை முப்பதாகக் குறைக்கலாமே, அந்தப் பத்துக் கேடயத்தின் விலையில் அச்சகத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாமே என்றோம். சற்று நேரம் மௌனமாயிருந்தார். குழுவில் வைத்துக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஸலாம் கூறி வைத்துவிட்டார்.